பந்துக் குழியும் சட்டத்தரணி யோகநாதனும்

செய்தி வந்தபோது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கோழிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் யோகநாதனின் மனைவி பத்மா அக்கா. "மாஸ்டர், அவர் மோசம் போயிட்டார்" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்த அதே நேரம், கடைக்காரர் தோலோடு வெட்டுவதா, உரித்து வெட்டுவதா என்று கேட்டார். "உரிச்சுத் தாங்கோ" என்றேன். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு என் வாயிலிருந்து முதலில் போய்ச் சேர்ந்த சொல் அதுதான். கோழியைக் கொண்டுபோய்ச் சமைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். யோகநாதனுக்காகப் பசி கிடக்க எனக்கு மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரில் நான் எழுத வேண்டுமென்று அக்கா கேட்டபோது மறுத்தேன். "அவரைப் பற்றி நல்லா எழுத எனக்கு வராது அக்கா." அதற்கு அவர், "மற்ற எல்லாரும் பொய்தான் எழுதித் தந்திருக்கினம். அவருக்குப் பொய் பிடிக்காது" என்றார். உண்மைதான். மலரின் முன்பக்கங்களில் அவர் பாசமிகு கணவர், பண்பின் சிகரம், ஏழைகளின் தோழன் என்றெல்லாம் வாசித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். அவரோடு பழகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. அவர் பண்பாளர் அல்லர். மகா கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனத்தை மற்றவர்களின் மேல் தீட்டிப் பார்த்தவர்.

அவருடைய தொழில் என்னவென்று பலருக்குச் சரியாகத் தெரியாது. ஒருவர் ஒரு பொருளைக் கண்டுபிடித்து ஆக்கவுரிமை எடுத்து வைத்திருப்பார். இன்னொருவர் அதைப் பார்த்துச் செய்து விற்பார். வழக்கு வரும். பார்த்துச் செய்தவருக்காக யோகநாதன் புதுக்கடை நீதிமன்றத்தில் எழும்பி நிற்பார். சட்டம் சொல்வது இதுதான்: ஒரு பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் தொழில் தெரிந்த ஒரு சாதாரண ஆளுக்குத் தானாகவே தோன்றக்கூடிய ஒன்றாகவும் அது இருக்கக்கூடாது. அப்படித் தோன்றக்கூடியது என்றால் ஆக்கவுரிமை செல்லாது. "தெரிஞ்சதுதானே?" என்ற அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர் ஒரு வீடு கட்டினார், ஒரு மகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்.

அவர் சாட்சிகளை அதட்டுவதில்லை. மட்டக்குளியிலிருந்து ஒரு பெண், கையை வருத்தாமல் பிழியக்கூடிய ஓர் இடியப்ப உரல் செய்து வழக்குக்கு வந்திருந்தார். யோகநாதன் அவரை மிக அன்பாகக் கேட்டுக்கொண்டார்: "அம்மா, எங்களுக்கு ஒருக்கா பிழிஞ்சு காட்டுங்கோவன்." அந்தப் பெண் சந்தோஷத்தோடு ஒற்றைக் கையால் பிழிந்து காட்டினார். நீதிபதி வியந்தார். யோகநாதன் தொடர்ந்தார்: "பாக்குவெட்டி பிடிச்சிருக்கிறீங்களா அம்மா? அதே பிடிதானே?" "ஓம் ஐயா, அதே பிடிதான்!" தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்திருக்கிறார். பாக்குவெட்டியில் ஏற்கெனவே உள்ளதுதான் என்றாகி, அதோடு வழக்கு முடிந்தது. நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள சாப்பாட்டுக் கடையில் பிளேன்ரீயை வைத்துக்கொண்டு யோகநாதன் இந்தக் கதையை எனக்கு நடித்துக் காட்டினார். "மாஸ்டர், மனுசி சிரிச்சுக்கொண்டே செத்துப்போச்சு" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். அப்போது அது இன்னொருவருடைய உரல்.

எங்களுடைய பழக்கம் ரியூசனால் வந்தது. அவருடைய மகள் துளசிக்கு உயர்தரப் பௌதிகம் சொல்லிக்கொடுக்க நான் வெள்ளவத்தைக்குப் போய்வந்தேன். பகலில் மட்டக்குளியில் ஒரு றப்பர் தொழிற்சாலையில் பொறியியலாளர், பின்னேரத்தில் மாஸ்டர். கணக்கைக் கண்டதும் துளசியின் முகம் வெளிறிவிடும். ஆகவே நான் எந்தப் பாடத்தையும் "இது சரியான லேசு" என்றுதான் தொடங்குவேன். பயந்த பிள்ளைகளோடு பழகியவனுக்கு அது ஒரு பழக்கமாகவே ஊறிவிடும். எதிரில் இருப்பவரின் முகத்தில் விளங்காத குறி தெரிந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அது விளங்கிய முகமாக மாறும்வரை விடமாட்டேன். யோகநாதன் ஹோலில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பேப்பரை இறக்கிவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் சொன்னால் எனக்கே விளங்குது. நான் பௌதிகத்தில ஃபெயில் விட்டவன்." நான் பூரித்துப்போனேன். எவ்வளவு பெரிய மடையன்.

இனிப் பந்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலை வெளிநாட்டுக்குக் கோல்ஃப் பந்து செய்தது. நான் வாழ்க்கையில் கோல்ஃப் விளையாடியதில்லை. யோகநாதனும் இல்லை. பஸ்ஸில் போகும்போது மதிலுக்கு மேலால் தெரியும் புல்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்த கோல்ஃப். ஆனால் பந்து எனக்குத் தெரியும். அதன் மேல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அழகுக்காக அல்ல. மொழுமொழுவென்ற பந்தை அடித்தால் சீக்கிரம் விழுந்துவிடும். குழிகள் இருந்தால் காற்று பந்தை இன்னும் கொஞ்சம் ஒட்டிப் போகும், பின்னால் இழுக்கும் இழுவை குறையும், பந்து தூரம் போகும். சிக்கல் எங்கேயென்றால், பந்தை இரண்டு அரை அச்சுகளைச் சேர்த்துத்தான் வார்க்க வேண்டும். அந்த இரண்டும் சேரும் கோட்டில் குழி வைக்க முடியாது. பந்தின் இடுப்பில் ஒரு மொட்டைப் பட்டி விழுந்துவிடும். பட்டி ஒரு பக்கமாகக் கிடந்தால் பந்து ஒருமாதிரிப் போகும், வேறு பக்கமாகக் கிடந்தால் வேறுமாதிரிப் போகும்.

இதற்கு மற்றவர்கள் முன்பே வைத்தியம் பார்த்திருந்தார்கள். பந்தின் இரு முனைகளிலும் உள்ள குழிகளின் ஆழத்தைக் குறைத்தார்கள். இடுப்பில் இருக்கும் குறையை முனைகளிலும் வைத்தால் குறை எல்லாப் பக்கமும் சமமாகிவிடும் என்பது கணக்கு. சமமானது. ஆனால் பந்து மொத்தத்தில் தூரம் குறைந்தது. நான் ஆழத்தைத் தொடவில்லை. முனைகளில் உள்ள குழிகளின் விளிம்பை மட்டும் மழுங்கலாக்கினேன். பந்து நேராகவும் போனது, தூரமும் போனது. இப்போது வாசிக்கும்போது உங்களுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கு அது தோன்ற வருடக்கணக்கானது. அதற்கிடையில் நான் வீணாக்கிய அச்சுகளை ஹாஜியார் தொழிற்சாலையின் பின்பக்கத்தில் குவித்து வைத்திருந்தார். எங்கள் முதலாளி அவர். ஆக்கவுரிமைக்குப் போட்டபோது, "உங்கட பேர்லயே எடுங்க மாஸ்டர். மூளை உங்கட, அச்சு மட்டும்தான் என்ட" என்று சொன்னார். என்னுடைய பெயர் ஒரு பொருளின் மேல் நின்றது அந்த ஒரே தடவைதான். என் அப்பா இல்லாத காலத்தில் அது நடந்ததே என்று அன்று மட்டும் அழுதேன்.

பிறகு வேறொரு கம்பனி அதே மழுங்கல் விளிம்போடு பந்தை இறக்கியது. வழக்குப் போட்டேன். அந்தக் கம்பனிக்காக யோகநாதன் நிற்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். ரியூசன் முடிந்து இறங்கும்போது படலை வரை வந்தார். "மாஸ்டர், உங்களுக்கு எதிராத்தான் நிக்கிறன். நான் எடுக்காட்டி வேற ஆரும் மடையன் எடுத்திருப்பான், நீங்கள் வெண்டிருப்பீங்கள்." பகிடி என்று நினைத்தேன். யோகநாதன் பகிடி விடுவதாக நாங்கள் நினைத்த எல்லா நேரங்களிலும் அவர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இதை உங்களில் சிலரும் பட்டுத்தான் அறிந்திருப்பீர்கள்.

அவர் இரண்டு பழைய ஆக்கவுரிமைப் பத்திரங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, நான் மேலே சொன்ன ஆழம் குறைக்கும் முறை. மற்றது பெயின்ற் பற்றியது. குழியின் விளிம்பு கூராக இருந்தால் அந்த இடத்தில் பெயின்ற் உரியும், ஆகவே விளிம்பை மழுங்கலாக்கு என்று யாரோ எங்கேயோ எழுதியிருந்தார். பந்து பறப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு யோகநாதன் என்னைப் பார்த்தார். விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது, நான் தமிழில் தருகிறேன்.

"சாட்சியாளர் ஓர் ஆசிரியரும்கூட. கனம் நீதிபதி அவர்களுக்கு இந்தப் பந்து எப்படி வேலை செய்கிறது என்று அவரே விளக்கினால் நல்லது."

பந்து என் கையில் தரப்பட்டது. நீதிபதியின் முகத்தைப் பார்த்தேன். துளசியின் முகம்தான். வெளிறி, கொஞ்சம் சலித்து, விளங்காத முகம். எனக்குள்ளிருந்த மாஸ்டர் எழும்பிவிட்டான். "இது மிகவும் இலேசு, கனம் நீதிபதி அவர்களே" என்று தொடங்கினேன். என்னுடைய சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்க்கவில்லை, பிறகு சொன்னார்கள். பந்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பட்டியை விரலால் சுற்றினேன். காற்றைக் கையால் வரைந்தேன். நீதிபதி முன்னால் சாய்ந்தார். நெற்றி விரிந்தது. "ஆ, விளங்குகிறது" என்றார். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த பாடம் அது. ஒரு நிமிடம் நான் எங்கே நிற்கிறேன் என்பதையே மறந்து, "விளங்கிவிட்டதா?" என்று நீதிபதியிடமே கேட்டேன். சபையில் சிரித்தார்கள். யோகநாதன் சிரிக்கவில்லை.

"எனக்கும் விளங்கிவிட்டது" என்றார் அவர். "நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். எனக்கே விளங்கியது, நீங்களும் இலேசு என்று சொல்கிறீர்கள். இந்த இரண்டு பத்திரங்களையும் உங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சாதாரணப் பொறியியலாளரின் முன்னால் வைத்தால், அவருக்கு உங்கள் பந்து தோன்றியிருக்கும்தானே?"

"இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினால் விளங்கும்" என்றேன்.

"நன்றி" என்று சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

தீர்ப்பில் என் விளக்கத்தை நீதிபதி பாராட்டியிருந்தார். அவ்வளவு தெளிவான ஒன்று, தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதே என்றும் எழுதியிருந்தார். என் பெயர் பந்திலிருந்து போய்விட்டது. வெளிநாட்டுக்காரர்கள் மற்றக் கம்பனிக்கு மாறினார்கள். ஹாஜியார் பந்து வார்ப்பதை நிறுத்தி, அச்சுகளைப் பழைய இரும்புக்குப் போட்டார். "என்ன செய்ற மாஸ்டர், அல்லா நாடினது அவ்வளவுதான்" என்றார். அந்த நல்ல மனிதர் என்னைக் குறைசொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யோகநாதன் நீதிமன்ற விறாந்தையில் என் தோளில் கை போட்டு, "கோவிக்காதேங்கோ. பாடம் அருமையா எடுத்தீங்கள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்த மிகக் கேவலமான குணம் அதுதான். ஒருவனை முடித்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்பார்.

அடுத்த கிழமை ஒரு சீப்பு கதலி வாழைப்பழத்தோடு கொட்டாஞ்சேனைக்கு என் வீட்டுக்கு வந்தார். தன் மகனுக்கும் பௌதிகம் சொல்லித்தர வேண்டுமாம். "உங்களைப்போல விளங்கப்படுத்த கொழும்பில ஆள் இல்லை. அது கோர்ட்ஸிலயே நிரூபிச்சாச்சு." என் மனைவி பழத்தை வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான் போனேன். ஏன் போனேன் என்று அவள் இன்றுவரை கேட்கிறாள். அந்த ஹோலில் உட்கார்ந்து, அந்த மனிதன் எதையாவது இழப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை. மகன் கெட்டிக்காரன், நல்ல பெறுபேறு எடுத்தான். யோகநாதன் வழக்குகளை வென்றுகொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பாடம் முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அவர் கதைப்பதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது, என்ன செய்ய.

பிறகு அவருடைய குரல் அடைத்தது. குரலால் பிழைத்தவர். நீதிமன்றத் தூசி என்றார், மின்விசிறிக்குக் கீழே படுப்பது என்றார், எந்நேரமும் வாயில் ஒரு தொண்டைக் குளிசை. உடம்பும் மெலிந்தது. சீனி வருத்தத்துக்காக அக்கா சோற்றைக் குறைத்திருந்தார். மெலிந்ததைப் பார்த்து எல்லோரும் அக்காவைப் பாராட்டினோம். "ஆளை இளைஞனாக்கிப் போட்டியள்" என்று நானே சொன்னேன். அக்கா வெட்கப்பட்டார். தொண்டையில் இருந்த புற்று வெளியே தெரிய வந்தபோது வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டிருந்தது.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். நான் காத்திருந்த காட்சி கட்டிலில் கிடந்தது. கழுத்தெல்லாம் எலும்பு. குரல் காற்றாக மட்டும் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மாஸ்டர், குரல் அடைச்சிருக்கு. உடம்பு மெலிஞ்சிருக்கு. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சா, ஆருக்கும் தெரிஞ்சிருக்கும்தானே?"

அவருடைய கண் என்னைவிட்டு அசையவில்லை. குறுக்கு விசாரணைக் கண். பயந்துபோன ஒரு கிழவன் அந்தக் கண்ணுக்குப் பின்னாலிருந்து, இல்லை என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஓம்" என்றேன். "ஆருக்கும் தெரிஞ்சிருக்கும்."

சொன்னது எனக்கு நன்றாக இருந்தது. சர்க்கரைப் பாகு தொண்டையால் இறங்கியதுபோல இருந்தது. அவர் "நன்றி" என்று உதட்டை அசைத்தார். அது என்ன நன்றி என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. திரும்பினால், பத்மா அக்கா சுடுதண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நின்றார்.

போன கிழமை இந்த மலருக்கு எழுதித் தராமல் தப்பிப்போகலாம் என்று வெள்ளவத்தைக்குப் போனேன். அக்கா தேநீர் தந்தார். எதிரே இருந்தார். அழவில்லை. "மாஸ்டர், ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு நீங்கள் சொன்னியள்தானே, ஆருக்கும் தெரிஞ்சிருக்கும் எண்டு. அந்தக் குரலை நான்தானே நாள் முழுக்கக் கேட்டனான். காற்சட்டை இடுப்பைப் பிடிச்சுத் தைச்சதும் நான்தான். அப்ப எனக்கேன் தெரியேல்லை?"

தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். யோகநாதனை அடிக்க நான் எறிந்தது அக்காவின் மேல் விழுந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வரும் வழியில்தான், நீதிமன்றத்தில் எனக்கு வராமல் போன பதில் வந்தது. எத்தனை வருடம் பிந்தி வந்தது என்று நினைத்து ஆத்திரப்பட்டேன். பதில் மிக எளிது.

அக்கா, அந்த இரண்டு பத்திரங்களையும் என் முன்னால் வைத்தவர் யோகநாதன். அதற்கு முன்னர் அவை இரண்டாக இருக்கவில்லை. அச்சைப் பற்றியும் றப்பரைப் பற்றியும் பெயின்றைப் பற்றியும் மலைமலையாகக் கிடந்த பத்திரங்களுக்குள் எங்கேயோ ஒன்றும், வேறெங்கேயோ இன்னொன்றும் கிடந்தன. பந்து பறப்பதற்கு வழி தேடுகிறவன் ஏன் பெயின்ற் உரிவதைப் பற்றி வாசிக்கப் போகிறான்? என் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடியபடியால்தான் அவருக்கு அந்த இரண்டும் அகப்பட்டன. "இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவருடைய குரல் தூசிக்குள் கிடந்தது, மின்விசிறிக்குள் கிடந்தது, வழக்குகளுக்குள் கிடந்தது. மெலிவு உங்கள் சமையலுக்குள் கிடந்தது, நாங்கள் எல்லோரும் தந்த பாராட்டுக்குள் கிடந்தது. முழங்கால் வலியும் இருந்தது, மூக்கடைப்பும் இருந்தது, துளசி தொலைபேசி எடுக்காத கவலையும் இருந்தது. இவ்வளவுக்குள்ளும் அந்த இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்து ஒன்றாக வைப்பதற்கு, முடிவு முன்பே தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரும் உங்கள் வீட்டில் இருக்கவில்லை. மருத்துவமனையில் நான் சொன்னது பிழை. வேண்டுமென்றே சொன்ன பிழை. உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

இந்த மாதிரிக் கட்டுரைகளின் கடைசியில், போனவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும். அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும், அவரை நான் மன்னிக்கவில்லை என்பதையும் வைத்துக்கொள்கிறேன். பதிலை உங்களுக்குத் தருகிறேன் அக்கா. யோகநாதன் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, மிக அன்பாக ஒரேயொரு கேள்வி கேட்டு இதையும் உடைத்திருப்பார். இதை உடைக்கத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார். ஆகவே நீங்கள் பயமில்லாமல் நம்பலாம்.